சூடானால் மட்டும் ஸ்டார்ட் ஆகாத கார்: எந்த சென்சாரைச் சந்தேகிப்பது?

கேள்வி சுருக்கமாக இது: 2013 மாடல், 1.2 லிட்டர் பெட்ரோல் கார், 90 ஆயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. காலையில் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகிறது. முப்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு பெட்ரோல் பங்க்கில் நிறுத்தி, ஐந்து நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினால் செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, இன்ஜின் மட்டும் பிடிப்பதில்லை. பானெட்டைத் திறந்து வைத்து அரை மணி நேரம் காத்திருந்தால் ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகிறது. ஒரு மெக்கானிக் பெட்ரோல் பம்பை மாற்றியும் தீரவில்லை. இன்னொருவர் ஸ்கேன் போட்டுப் பார்த்து, ஆக்சிஜன் சென்சார் போய்விட்டது, மாற்றினால் சரியாகிவிடும் என்கிறார். மாற்றலாமா?

இந்தக் கோளாறுக்காக மாற்ற வேண்டாம். ஆக்சிஜன் சென்சார் கெட்டும் போயிருக்கலாம். ஆனால் அது கெட்டதால் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் போகாது. சைலன்சர் பைப்பில் உட்கார்ந்து புகையில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனை அளக்கும் அந்த சென்சார் சுமார் 300 டிகிரிக்கு மேல் சூடேறினால்தான் வேலையே செய்யும். அதுவரை இசிஎம் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) அதன் பேச்சைக் கேட்பதில்லை, தன்னிடம் ஏற்கெனவே இருக்கும் கணக்கை வைத்துப் பெட்ரோல் விடுகிறது. செல்ஃப் சுற்றும் அந்தச் சில நொடிகளிலும் அப்படித்தான், இன்ஜின் எவ்வளவு சூடாக இருந்தாலும். 1976-ல் வோல்வோ கார்களில் முதன்முதலாக வந்த பொருள் அது. அதற்கு முந்தைய கார்களெல்லாம் அது இல்லாமலேதான் ஸ்டார்ட் ஆகின. அது போனால் மைலேஜ் குறையும், புகைச் சோதனையில் மாட்டும், ஐடிலிங் லேசாக ஏறி இறங்கும். அதைப் பிறகு தனியாகப் பார்த்துக்கொள்ளலாம்.

நீங்கள் எழுதியதில் எனக்கு முக்கியமாகப் பட்டது "அரை மணி நேரம் ஆறவிட்டால் ஸ்டார்ட் ஆகிறது" என்ற வரிதான். சென்சார் கோளாறுகளில் எது கெட்டது என்பதை விட எப்போது கெடுகிறது என்று கேட்டால் பாதி வேலை முடிந்துவிடும். குளிரில் மட்டும் தகராறா, சூட்டில் மட்டும் தகராறா, ஓடும்போதா, நிற்கும்போதா? சூட்டில் படுத்து, ஆறியதும் எழுந்திருப்பது என்றால் நான் முதலில் பார்ப்பது கிராங்க் சென்சார்.

பிஸ்டன்கள் சுற்றிவிடும் தண்டான கிராங்க் ஷாஃப்ட்டோடு சேர்ந்து பல் வைத்த ஒரு சக்கரம் சுற்றுகிறது. பல கார்களில் அறுபது பல்லுக்கு இடம் விட்டு, இரண்டை மட்டும் வெட்டி எடுத்து 58 பல் வைத்திருப்பார்கள். ஒவ்வொரு பல்லும் 6 டிகிரி. வெட்டிய இடம் கடந்து போகும்போது, பிஸ்டன் இப்போது எங்கே இருக்கிறது என்று இசிஎம்முக்குத் தெரிந்துவிடும். பற்களைப் பார்த்தபடி ஓரிரு மில்லிமீட்டர் இடைவெளியில் நிற்கும் சிறிய காந்தச் சுருள்தான் கிராங்க் சென்சார். இந்த சிக்னல் வராவிட்டால், இன்ஜின் சுற்றுகிறது என்பதே இசிஎம்முக்குத் தெரியாது. தெரியாததால் ஸ்பார்க் கொடுக்காது, பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரைத் திறக்காது, பெட்ரோல் பம்ப்புக்கும் கரன்ட் விடாது.

உங்கள் பம்ப் வீணாக மாற்றப்பட்டதும் அனேகமாக இதனால்தான். சாவியை ஆன் செய்ததும் பின் சீட்டுக்கு அடியிலிருந்து இரண்டு நொடி ஒரு சன்னமான ரீங்காரம் கேட்கும், பிறகு நின்றுவிடும். கிராங்க் சிக்னல் வந்தால்தான் பம்ப் ரிலே மறுபடி பிடிக்கும். சிக்னல் இல்லாத வண்டியில் செல்ஃப் அடித்துக்கொண்டே பம்ப் கப்ளரில் (ஒயரை மாட்டும் இணைப்பில்) லைட் வைத்துப் பார்த்தால் எரியாது. பைப்பைக் கழற்றிப் பார்த்தால் பெட்ரோலும் வேகமாக வராது. பார்ப்பவர் பம்ப் போச்சு என்றுதான் சொல்வார். அவரைக் குறை சொல்லவும் முடியாது, கண்ணுக்குத் தெரிந்தது அதுதானே.

எனக்கே இது நடந்திருக்கிறது. ஒரு மே மாதம், நடுப்பகல், திண்டிவனம் தாண்டி எண்பதில் போய்க்கொண்டிருந்தேன். திடீரென்று வண்டி தளர்ந்தது. அந்த நேரத்தில் மீட்டரைப் பார்த்ததுதான் என் அதிர்ஷ்டம். வண்டி டாப் கியரில் உருண்டுகொண்டிருக்கிறது, கிளட்ச்சை மிதிக்கவில்லை, அப்படியானால் இன்ஜின் கட்டாயம் சுற்றிக்கொண்டுதான் இருக்க வேண்டும். ஆனால் ஆர்பிஎம் முள் மட்டும் சடாரென்று பூஜ்யத்துக்கு விழுந்தது. பெட்ரோல் தீர்ந்தோ பம்ப் நின்றோ வண்டி அணைந்திருந்தால் முள் வண்டியின் வேகத்தோடு சேர்ந்து மெதுவாகத்தான் இறங்கும். சுற்றுகிற இன்ஜினை நின்றுவிட்டது என்று முள் சொன்னால், சுற்றை எண்ணுகிறவன் தூங்கிவிட்டான் என்றுதான் அர்த்தம். ஓரமாக நிறுத்தி, ஒரு துணியைக் குடிதண்ணீரில் நனைத்து சென்சார் மேல் சுற்றி வைத்தேன். பத்து நிமிடத்தில் ஸ்டார்ட் ஆகிவிட்டது.

வீட்டுக்கு வந்து கழற்றி மல்டிமீட்டரில் வைத்தேன். 860 ஓம் காட்டியது, பழுதே இல்லை என்று சத்தியம் செய்யலாம். வீட்டிலிருந்த ஹேர் டிரையரை எடுத்து அதன்மேல் காட்டிக்கொண்டே மீட்டரைப் பார்த்தேன். 900, 940, 980 என்று ஏறிக்கொண்டு வந்தது, திடீரென்று எண்ணே காணாமல் போய்விட்டது. உள்ளே தலைமுடி கனத்தில் ஓடும் செம்புக் கம்பி எங்கோ விட்டிருக்கிறது. குளிரில் இரண்டு முனையும் தொட்டுக்கொண்டிருக்கும், சூட்டில் விரிந்து பிரிந்துவிடும். அதற்கு முன்பு இரண்டு முறை வண்டியைப் பார்த்த ஒர்க்‌ஷாப்பில் சொன்ன பதில், "மீட்டர்ல வச்சுப் பார்த்தோம் சார், சென்சார் ஓகே." ஆறிப்போன சென்சாரை அளந்தால் ஓகே என்றுதான் வரும்.

உங்கள் வண்டியில் இதை எப்படிச் சோதிப்பது? அடுத்த முறை பங்க்கில் மாட்டிக்கொள்ளும்போது செல்ஃப் அடித்துக்கொண்டே ஆர்பிஎம் முள்ளைப் பாருங்கள். 200, 250 அளவுக்கு லேசாகவாவது துள்ள வேண்டும். சில கார்களில் செல்ஃப் சுற்றும்போது முள் அசையாதபடியே வடிவமைத்திருப்பார்கள், அப்போது புளூடூத் ஸ்கேனரை மாட்டி போனில் பாருங்கள். செல்ஃப் சுற்றும்போதும் ஆர்பிஎம் பூஜ்யம் என்று வந்தால் கிராங்க் சென்சார், அதன் ஒயர், அதன் கப்ளர், இந்த மூன்றில் ஒன்று. ஸ்கேனரில் பி0335 என்ற பழுதுக் கோட் வந்திருந்தால் இன்னும் வசதி. ஆனால் இப்படி விட்டுவிட்டு வரும் கோளாறில் பல நேரம் கோடே பதிவாகாது. சில கார்களில் செல்ஃப் அடித்தும் சிக்னல் வரவில்லையே என்று சந்தேகப்பட இசிஎம்முக்கு வழியில்லை, யாரும் செல்ஃப் அடிக்கவே இல்லை என்று அது நினைத்துக்கொள்ளும்.

ஓம் அளப்பதில் ஒரு எச்சரிக்கை. இரண்டு ஒயர் உள்ள சென்சாரைத்தான் அப்படி அளக்கலாம். மூன்று ஒயர் இருந்தால் பெரும்பாலும் ஹால் வகை. அதற்குள் ஒரு சின்ன சர்க்யூட் இருப்பதால் ஓம் பார்த்து ஒன்றும் தெரியாது. கப்ளரில் சப்ளை வருகிறதா, எர்த் நன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மூன்றாவது ஒயரில் சிக்னல் துடிக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

சரி, ஆர்பிஎம் ஒழுங்காகக் காட்டுகிறது, ஆனாலும் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால்? அப்போது அடுத்த சந்தேகம் கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார். இதில் விஷயம் வேறு மாதிரி. கிராங்க் சென்சார் கெட்டால் பேச்சே நின்றுவிடும். இது கெட்டால் பேசிக்கொண்டே இருக்கும், தப்பாகப் பேசும். ஊமையாகிவிட்ட சென்சாரை விட பொய் சொல்லும் சென்சார்தான் மெக்கானிக்கின் உயிரை எடுக்கும்.

இந்த சென்சாரில் இருப்பது சூடு ஏற ஏற மின்தடை குறையும் ஒரு சின்னப் பொருள். பல கார்களில் 20 டிகிரியில் சுமார் 2,500 ஓம், 80 டிகிரியில் சுமார் 300 ஓம். இன்ஜின் குளிராக இருந்தால் இசிஎம் அதிகப் பெட்ரோல் விடும், பழைய கார்பரேட்டர் வண்டியில் சோக் இழுப்போமே, அதே வேலை. நன்றாகச் சூடான இன்ஜினை இந்த சென்சார் குளிர்ந்திருக்கிறது என்று சொன்னால், சோக் இழுத்தபடியே சூட்டில் ஸ்டார்ட் செய்வதுபோல ஆகிவிடும். பிளக் நனைந்துவிடும், பெட்ரோல் நாற்றம் அடிக்கும், வண்டி பிடிக்காது. கொஞ்ச நேரம் விட்டால் பெட்ரோல் ஆவியாகி மறுபடி பிடிக்கும். உங்கள் கோளாறின் தோற்றமும் இதுவேதான், கவனியுங்கள். இரண்டும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும்.

பிரித்துப் பார்க்க எளிய வழி உண்டு. ஸ்டார்ட் ஆகாதபோது ஆக்சிலரேட்டரைத் தரையோடு முழுக்க மிதித்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். பெரும்பாலான இன்ஜெக்‌ஷன் கார்களில், முழுக்க மிதித்தபடி செல்ஃப் அடித்தால் இசிஎம் பெட்ரோலை நிறுத்திவிட்டு வெறும் காற்றை மட்டும் உள்ளே விடும், நனைந்த சிலிண்டர் காயட்டும் என்று. அப்படிச் செய்து ஐந்தாறு நொடியில் திக்கித் திணறிப் பிடித்துக்கொண்டால், சைலன்சரில் கறுப்புப் புகையும் வந்தால், பெட்ரோல் அதிகமாகி மூழ்கியிருக்கிறது. கூலன்ட் சென்சாரோ, மூடாமல் ஒழுகும் இன்ஜெக்டரோதான் காரணம். முழுக்க மிதித்தும் எந்த மாற்றமும் இல்லை, பெட்ரோல் வாசனையே இல்லை என்றால் கிராங்க் சென்சார் பக்கம் திரும்புங்கள்.

பக்கத்துத் தெருக்காரர் ஒருவரின் வண்டி இப்படித்தான் வந்தது. மைலேஜ் ஒன்பதுக்கு இறங்கிவிட்டது, பிளக் நான்கும் அடுப்புக்கரி மாதிரி. செக் இன்ஜின் லைட் எரியவே இல்லை. ஸ்கேனரில் கூலன்ட் 38 டிகிரி என்று வந்தது, ரேடியேட்டர் ஹோஸைத் தொட்டால் கை பொத்துப்போகிறது. லைட் ஏன் எரியவில்லை? 38 என்பது நடக்கக்கூடிய எண். அந்த இசிஎம் அதைச் சந்தேகிக்கவில்லை. ஒயர் முழுதாக அறுந்திருந்தால் மைனஸ் 40 என்று வந்திருக்கும், தமிழ்நாட்டில் மட்டுமல்ல, எங்குமே ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜினில் வரமுடியாத எண் அது. உடனே லைட்டைப் போட்டுவிட்டு ஃபேனை ஓடவிட்டிருக்கும். சென்சார் முழுதாகச் செத்திருந்தால் அவருக்கு மூன்று மாதப் பெட்ரோல் காசு மிச்சம்.

இதற்குக் காலைச் சோதனை ஒன்று உண்டு, காசே ஆகாது. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து ஸ்கேனரில் கூலன்ட் சூட்டையும் உள்ளே வரும் காற்றின் சூட்டையும் பாருங்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே எண்ணாக இருக்க வேண்டும், அன்றைய காலை வெப்பநிலைக்கு இரண்டு மூன்று டிகிரி முன்பின். காற்று 27, கூலன்ட் 9 என்றால் யார் பொய் சொல்கிறார்கள் என்று சொல்லவே தேவையில்லை. எதிர்ப்பக்கமும் நடக்கும். குளிர்ந்த இன்ஜினைச் சூடு என்று சொன்னால் காலையில் நாலைந்து செல்ஃப் அடித்த பிறகே பிடிக்கும், பிடித்ததும் நடுங்கும்.

ஸ்கேனர் காட்டும் கோட்களைப் படிப்பதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. பி0118 என்று வந்தால் விளக்கத்தில் கூலன்ட் டெம்பரேச்சர் சர்க்யூட், ஹை என்று இருக்கும். அதைப் பார்த்து இன்ஜின் சூடாகிறது என்று ரேடியேட்டரைக் கழற்றியவர்கள் உண்டு. அங்கே ஹை என்பது வோல்டேஜ். ஒயர் விட்டுப்போய் இசிஎம் அனுப்பும் 5 வோல்ட்டும் அப்படியே நிற்கிறது, இசிஎம் கண்ணுக்கு இன்ஜின் பனிக்கட்டி. கோட் என்பது புகார் மனு மாதிரி. எந்த சர்க்யூட்டில் தகராறு என்று சொல்லும், குற்றவாளி யார் என்று சொல்லாது. சென்சாராக இருக்கலாம், பச்சை பிடித்த கப்ளராக இருக்கலாம், எலி கடித்த ஒயராக இருக்கலாம். வீட்டு வாசலில் நாட்கணக்கில் நிற்கும் வண்டிகளில் சென்சாரை விட எலியைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் தண்ணீரில் நின்ற வண்டிகளை வாங்கியிருப்பவர்கள் கப்ளர்களை ஒருமுறை திறந்து பார்த்துவிடுவது நல்லது.

ஒரு சென்சார் கெட்டு மற்ற எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போகும் கதையும் உண்டு. இசிஎம்மிலிருந்து பல சென்சார்களுக்கு 5 வோல்ட் பொதுவாகப் போகிறது. அவற்றில் ஒன்று உள்ளுக்குள் ஷார்ட் ஆனால் அந்த 5 வோல்ட் மொத்தமாகப் படுத்துவிடும். ஸ்கேனரில் ஒரே நேரத்தில் நாலைந்து கோட் வரும், வண்டி ஸ்டார்ட் ஆகாது, இசிஎம்மே போச்சு என்று பெரிய தொகை சொல்வார்கள். ஒத்துக்கொள்வதற்கு முன், 5 வோல்ட் ஒயரில் மீட்டரை வைத்துக்கொண்டு சென்சார் கப்ளர்களை ஒவ்வொன்றாகக் கழற்றச் சொல்லுங்கள். எதைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்பி வருகிறதோ அதுதான் ஆள்.

ஸ்டார்ட் நன்றாக ஆகிறது, ஓடும்போதுதான் தகராறு என்பவர்களுக்கும் கொஞ்சம். வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட்டைப் பார்க்கும் கேம் சென்சார் போனால் பல வண்டிகளில் நீளமாகச் செல்ஃப் அடித்த பிறகு பிடித்துவிடும், எந்தச் சிலிண்டர் முறை என்பதை இசிஎம் குத்துமதிப்பாகக் கண்டுபிடித்துக்கொள்ளும். ஆனால் கேமும் கிராங்க்கும் ஒத்துப்போகவில்லை என்று பி0016 வந்தால் இரண்டு சென்சாரையும் மாற்றிவிட்டு வராதீர்கள், அவை இரண்டையும் இணைக்கும் டைமிங் செயின் நீண்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஆக்சிலரேட்டர் பெடலில் இரண்டு சென்சார் ஒன்றையொன்று சரிபார்த்துக்கொண்டே இருக்கும். ஒத்துப்போகாவிட்டால் எவ்வளவு மிதித்தாலும் வண்டி தவழும், பாதுகாப்புக்காக அப்படி வைத்திருக்கிறார்கள். இன்ஜின் தட்டும் சத்தத்தைக் கவனிக்கும் நாக் சென்சார் போனால் பிக்கப் கொஞ்சம் மந்தமாகும், அவ்வளவுதான்.

மேப் சென்சாரைச் சோதிப்பது எனக்குப் பிடித்த வேலை. உள்ளே போகும் காற்றின் அழுத்தத்தை அளப்பது அது. இன்ஜின் ஓடாமல் சாவி மட்டும் ஆனில் இருந்தால் ஊர்க் காற்றின் அழுத்தத்தைத்தான் காட்ட வேண்டும், சென்னையில் 100 கிலோ பாஸ்கல் பக்கம். அதே வண்டியை 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் நிறுத்திப் பார்த்தால் 77 பக்கம் வரும். ஐடிலிங்கில் 30 முதல் 40. ஊட்டியிலும் 100 என்றே சொல்லிக்கொண்டிருந்தால் அது அளக்கவில்லை, மனப்பாடம் ஒப்பிக்கிறது. அந்த உயரத்தில் பெட்ரோல் தேவைக்கு மேல் கொட்டும், மலை ஏற ஏற வண்டி மூச்சுத் திணறும். காற்றின் எடையை அளக்கும் மாஃப் சென்சார் உள்ள வண்டியில் அதன் கப்ளரைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். லைட் எரியும், பரவாயில்லை. கழற்றிய பிறகு வண்டி முன்னைவிட நன்றாக ஓடினால் சென்சார் தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தது என்று அர்த்தம். பல நேரம் மாற்றக்கூட வேண்டாம், அதற்கென்று விற்கும் ஸ்ப்ரே அடித்துக் காயவிட்டால் போதும். பிரஷ் வைத்துத் தேய்த்துவிடாதீர்கள்.

டீசல் வண்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: எல்லா இன்ஜெக்டருக்கும் டீசல் போகும் பொதுக் குழாயான காமன் ரெயிலில் போதிய அழுத்தம் ஏறியிருக்கிறது என்று ரெயில் பிரஷர் சென்சார் சொன்னால்தான் இசிஎம் இன்ஜெக்டரைத் திறக்கும். அது குறைத்துச் சொன்னாலும் செல்ஃப் சுற்றும், வண்டி பிடிக்காது.

இவ்வளவுக்கும் முன்னால் பேட்டரி. செல்ஃப் சுற்றும்போது வோல்டேஜ் 9.5-க்குக் கீழே விழுந்தால் இசிஎம்முக்கே தலை சுற்றும், இல்லாத கோட் எல்லாம் பதிவாகும். எர்த் ஒயரையும் கழற்றித் துடைத்து மாட்டுங்கள். டாஷ்போர்டில் சாவிப் படம் மின்னிக்கொண்டிருந்தால் அது திருட்டைத் தடுக்கும் பூட்டான இம்மொபிலைசர், சென்சார்களை விட்டுவிடுங்கள்.

உங்கள் வண்டியில் கிராங்க் சென்சார்தான் என்று உறுதியானால், கம்பெனி பொருளையே வாங்குங்கள். விலை மலிவான டூப்ளிகேட்டில் ஆறே மாதத்தில் இதே நோய் திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன். பழையதைக் கழற்றும்போது அதன் காந்த நுனியில் இரும்புத் தூள் ஒட்டியிருக்கிறதா பாருங்கள், நிறைய இருந்தால் துடைத்துவிட்டு எங்கிருந்து வந்தது என்றும் தேடச் சொல்லுங்கள். ஒயர் சைலன்சர் பக்கம் உரசாமல் கிளிப்பில் மாட்டியிருக்க வேண்டும். மாட்டிய உடனே ஒர்க்‌ஷாப் வாசலில் ஸ்டார்ட் ஆகிறது என்று காசு கொடுத்துவிட்டு வராதீர்கள், ஆறிய வண்டி அங்கே முன்பும் ஸ்டார்ட் ஆகத்தான் செய்தது. மெக்கானிக்கையும் ஏற்றிக்கொண்டு முப்பது கிலோமீட்டர் ஓட்டி, அதே பங்க்கில் நிறுத்தி, டீ குடித்துவிட்டு வந்து சாவியைத் திருப்புங்கள்.